குழந்தை உள்ளே, நாங்கள் வெளியே: பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தேன். அந்தப் பிரிவின் கதவுக்கு வெளியே ஒரு நீண்ட பெஞ்சு உண்டு. அதில் உட்கார்ந்திருந்த தாய்மாரும் தகப்பன்மாரும் பாட்டிமாரும் என்னிடம் கேட்டவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். பணி நேரத்தில் நின்று பதில் சொல்ல முடியாமல் போன நாட்களும் உண்டு. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே எழுதி, அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை முழுமையாகத் தருகிறேன். உங்கள் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால், அந்தக் குழந்தைக்கு அவர் சொல்வதே பொருந்தும்.

பொறந்ததும் நல்லாத்தானே அழுதுச்சு சிஸ்டர், எதுக்கு உள்ள வெச்சிருக்கீங்க?

அழுவது நல்ல அறிகுறிதான்; ஆனால் அழுத குழந்தையால் தொடர்ந்து மூச்சு விடவும், உடல் சூட்டைக் காத்துக்கொள்ளவும், பால் குடிக்கவும் முடியும் என்று அதனால் உறுதியாகிவிடாது. 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்கிறோம். 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருக்கச் செய்யும் வழவழப்பான பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது. அதனால் முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்த குழந்தைகூட மூன்றாவது மணி நேரத்தில் நெஞ்சு குழிவிழ மூச்சு வாங்கத் தொடங்கலாம்.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளும் உள்ளே வருவதுண்டு. பிறந்தவுடன் அழாதது, வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அதை மூச்சில் இழுத்தது, கிருமித் தொற்று, கடுமையான மஞ்சள் காமாலை, சர்க்கரை குறைவு ஆகியவை வழக்கமான காரணங்கள். உங்கள் குழந்தைக்கு எது காரணம் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லும்படி முதல் நாளே மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வாக்கியம் தெரிந்திருந்தால், பிறகு நடப்பவற்றில் பாதி தானே விளங்கும்.

இத்தனை வயர், குழாய், லைட்டு... இதெல்லாம் என்னது?

மேலிருந்து வெப்பம் தரும் திறந்த மேசை வார்மர். கண்ணாடிப் பெட்டி போன்றது இன்குபேட்டர். இரண்டின் வேலையும் குழந்தையின் உடல் வெப்பத்தை 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் வைத்திருப்பது. காலிலோ கையிலோ சிவப்பு ஒளியுடன் ஒட்டப்பட்டிருப்பது ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைக் காட்டும் உணர்கருவி. மூக்கில் பொருத்தப்பட்ட சிறு குழாய் வழியாக ஓயாத அழுத்தத்துடன் காற்றைச் செலுத்துவது சிபேப். அதில் குழந்தை தானாகத்தான் மூச்சு விடுகிறது. தொண்டை வழியாகக் குழாய் இறக்கி இயந்திரமே மூச்சுக் கொடுப்பது வெண்டிலேட்டர். வெண்டிலேட்டரிலிருந்து சிபேப்புக்கு மாற்றினார்கள் என்றால் அது முன்னேற்றம்.

நீல விளக்கு மஞ்சள் காமாலைக்கானது. கண்ணைக் கட்டியிருப்பது ஒளி படாமல் இருக்கத்தான். கண்ணில் கோளாறு என்று பொருள் இல்லை. காலை வெயிலில் காட்டினால் போதாதா என்று பாட்டிமார் கேட்பார்கள். காமாலை கூடியிருக்கும் குழந்தைக்கு வெயில் இதற்கு ஈடாகாது, சிறிய குழந்தையைக் குளிரவோ சுடவோ செய்துவிடும்.

மிஷின் கத்திக்கிட்டே இருக்கு, யாரும் ஓடி வரலையே?

அந்த ஒலி கேட்டதும் நாங்கள் முதலில் குழந்தையின் நிறத்தையும் நெஞ்சின் அசைவையும்தான் பார்ப்போம். திரையைப் பார்ப்பது அதன் பிறகு. குழந்தை காலை உதைத்தாலே உணர்கருவி நழுவி ஒலி எழும். அப்படி எழும் ஒலிகளே மிகுதி என்பதால், சில அடி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு நாங்கள் கையிலுள்ள வேலையைத் தொடர்வதுண்டு. அது உங்களுக்கு அலட்சியமாகத் தெரிந்திருக்கும் என்பதை மறுக்க மாட்டேன்.

குறைமாதக் குழந்தைகள் 20 விநாடிக்கு மேல் மூச்சு விட மறந்துபோவதும் உண்டு. மூளையின் மூச்சுக் கட்டுப்பாடு முதிராததே காரணம். உள்ளங்காலை மெல்லத் தட்டினால் பெரும்பாலும் மீண்டும் மூச்சு விடும். இதைத் தடுக்கக் காஃபீன் மருந்து தருகிறோம். காபியில் இருக்கும் அதே பொருள்தான், அளவு மட்டும் கணக்கிட்டது. ஆக்சிஜன் எண் 100 ஆக இல்லையே என்றும் கவலைப்படுவார்கள். ஆக்சிஜன் பெற்றுக்கொண்டிருக்கும் குறைமாதக் குழந்தைக்கு அந்த எண் 90 முதல் 95 வரை இருப்பதையே நாங்கள் விரும்புகிறோம். கூடுதல் ஆக்சிஜன் கண்ணுக்குக் கேடு. நீங்கள் எண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். நிறம் நீலமாகவோ வெளிறியோ போனால், யார் என்ன வேலையில் இருந்தாலும் உரக்கக் கூப்பிடுங்கள்.

உள்ள போய்ப் பார்க்க என்னென்ன செய்யணும்? அவரும் வரலாமா?

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு உள்ளே வர வேண்டும். கைப்பேசியைத் தொட்டால் மறுபடி கழுவ வேண்டும். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் சொல்லிவிடுங்கள். தாய்க்கு லேசான சளி என்றால் முகக்கவசத்துடன் அனுமதிப்பதுண்டு. தகப்பனும் வரலாம், வரவும் வேண்டும். நேரக் கட்டுப்பாடு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஆனால் தாயைப் பார்வையாளர் நேரத்துக்குள் அடைப்பது சரியில்லை என்பதை நான் பணியில் இருந்தபோதும் சொல்லியிருக்கிறேன், இப்போதும் சொல்கிறேன். கூடுதல் நேரம் கேட்டுப் பெறுங்கள்.

தொடும்போது விரலால் வருட வேண்டாம். முதிராத தோலுக்கு அது எரிச்சலாக இருக்கும். ஒரு கையைத் தலையிலும் மற்றொரு கையைப் பாதத்திலும் அசைக்காமல் வைத்து மெதுவாகப் பேசுங்கள். தாயின் குரல் அதற்கு வயிற்றுக்குள்ளேயே பழக்கமானது.

டாக்டர் வந்து சொல்றார், தலையாட்டிட்டு வந்துடறோம். என்ன கேட்கணும்னே தெரியலை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி போட்டு, ஒவ்வொரு நாளும் எடை எவ்வளவு, எந்த வகை மூச்சு உதவி, எத்தனை மில்லி பால், புதிதாகத் தொடங்கிய அல்லது நிறுத்திய மருந்து எது என்று எழுதுங்கள். பிறகு ‘நேற்றைக்கு இன்றைக்கு என்ன மாற்றம்? அடுத்த இரண்டு நாளில் எதை எதிர்பார்க்கிறீர்கள்? எதைக் கண்டால் நீங்கள் கவலைப்படுவீர்கள்?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் உங்களுக்கு மிகவும் பயன்படும்.

‘இப்போது எதுவும் சொல்ல முடியாது’ என்ற பதில் வந்தால் மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் 72 மணி நேரத்தில் பெரும்பாலும் அது உண்மை. மருத்துவர் சொன்னது விளங்கவில்லை என்றால், நீங்கள் புரிந்துகொண்டதை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். கூட்டமாகப் போய்க் கேட்பதைவிடத் தாய், தகப்பன் இருவரும் சேர்ந்து கேட்டால் பதில் தெளிவாக வரும்.

ரெண்டு சொட்டுதான் வருது சிஸ்டர், இதைப் போய் எடுத்துட்டு வரணுமா?

அந்த இரண்டு சொட்டுக்காகத்தான் காத்திருக்கிறோம். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஒரு கிலோ குழந்தைக்கு முதலில் கொடுப்பதே ஓரிரு மில்லிதான். பஞ்சில் நனைத்துக் கன்னத்தின் உட்பக்கம் தடவினாலும் அதன் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குழந்தைக்குப் போய்ச் சேரும். குறைமாதக் குழந்தையின் குடலை அழுகச் செய்யும் கொடிய நோய் ஒன்று உண்டு. அதைத் தடுக்க எங்களிடம் இருப்பவற்றில் தாய்ப்பாலுக்கு மேலானது எதுவும் இல்லை. உள்ளே மருந்து, ஊசி எல்லாவற்றையும் நாங்கள் கொடுக்கிறோம். இந்த ஒன்றைத் தாயால்தான் கொடுக்க முடியும்.

பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்கி, நாளொன்றுக்கு எட்டு முறைக்குக் குறையாமல், இரவிலும் ஒரு முறையாவது எடுக்க வேண்டும். பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இரவில்தான் மிகுதி. கையைக் கழுவி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து சற்றுத் தள்ளிக் கறுப்பு வட்டத்தின் விளிம்பில் இருக்கும்படி வைத்து, முதலில் மார்புக்கூட்டை நோக்கி அழுத்திப் பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். காம்பை இழுத்தால் வலிக்கும், பாலும் வராது. முதலிரண்டு நாள் ஒன்றும் வராவிட்டாலும் விடாதீர்கள். அந்த அமுக்கலே சுரப்புக்கான கட்டளை. எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் என்றால் வார்டின் குளிர்பெட்டியில் பெயர், நேரம் எழுதி வைக்க வேண்டும்.

பத்தியம் என்று தாய்க்குக் காய்கறியும் தண்ணீரும் மறுக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அறுவை நடந்த உடம்பு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால் எடுக்கும் உடம்பு அது. வயிறாரச் சாப்பாடு போடுங்கள்.

பால் பத்தலைன்னா பவுடர் வாங்கிட்டு வரட்டுமா?

மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வாங்க வேண்டாம். தாயின் பால் போதாதபோது, சோதித்து, பாஸ்டர் முறையில் சூடாக்கிய தானப் பாலையே அடுத்ததாக நாடுவோம். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியது ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் தாய்ப்பால் வங்கி உண்டு. பக்கத்துக் கட்டில் தாயிடம் நேரடியாக வாங்கிக் கொடுப்பது வேறு விஷயம்; சோதிக்காத பாலில் தொற்று வரக்கூடும்.

மூக்குல குழாய் எதுக்கு? நேரா மார்ல போட்டா குடிக்காதா?

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒருங்கிணைக்கும் திறன் ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கைகூடுகிறது. அதற்கு முன் வாயில் ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போகலாம். அதனால் முதலில் குழாய், பிறகு பாலாடை (சில வீடுகளில் சங்கு என்பார்கள்), பிறகு மார்பு என்று படிப்படியாகப் போகிறோம். நம் பாட்டிமார் வைத்திருந்த அந்தப் பாலாடையை இன்று தீவிர சிகிச்சைப் பிரிவிலும் பயன்படுத்துகிறோம். புட்டியைவிடச் சுத்தம் செய்ய எளிது, மார்பில் குடிக்கும் பழக்கத்தையும் கெடுக்காது. குழாயில் பால் போகும் நாட்களிலும் பீய்ச்சி முடித்த மார்பில் குழந்தையைச் சற்று நேரம் வைக்கக் கேளுங்கள், அது பழகிக்கொள்ளும்.

1,300 இருந்துச்சு, இப்ப 1,180ங்கறாங்க. குறையுதே?

முதல் வாரத்தில் எடை குறைவது இயல்பு. நிறைமாதக் குழந்தைக்குப் பிறந்த எடையில் 10 சதவீதம் வரையும், குறைமாதக் குழந்தைக்கு 15 சதவீதம் வரையும் குறையலாம். பத்து முதல் பதினான்கு நாளில் பிறந்த எடையை எட்டும். அதன் பின் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 15 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. ஒரு நாள் எடையை வைத்து மகிழவும் வேண்டாம், கலங்கவும் வேண்டாம்.

நெஞ்சோட கட்டிக்கச் சொல்றீங்க. வார்மர்ல இருக்கறதை எடுத்தா குளிராதா?

குளிராது. தாயின் நெஞ்சு குழந்தையின் வெப்பத்தை நன்றாகவே காக்கும். கங்காரு தாய்ப் பராமரிப்பு எனப்படும் இந்த முறையை, இன்குபேட்டர் போதாத நெருக்கடியில், கொலம்பியாவின் போகோட்டா நகர மருத்துவர் எட்கர் ரெய் 1978இல் தொடங்கினார். வழியில்லாதவர்களின் மாற்று என்று நெடுங்காலம் கருதப்பட்ட அது, இன்று எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் இருந்த குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே தாயின் நெஞ்சில் வைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். உடல்நிலை சீரான பிறகே அப்படி வைக்கப்பட்டவர்களில் 15.7 சதவீதம். அதை அடுத்து 2022இல் உலக சுகாதார நிறுவனம், நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம், இயன்றவரை நீண்ட நேரம் வைத்திருக்கும்படி பரிந்துரைத்தது.

குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அரையில் துணி மட்டும் போட்டு, இரு மார்புகளுக்கு நடுவே தவளைபோல் நிமிர்த்தி வைத்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூக்கு அடைபடாமல் பார்த்து, துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை ஆன தாய் சாய்ந்து உட்கார்ந்து செய்யலாம். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். அடிக்கடி எடுத்து மாற்றுவதுதான் குழந்தைக்குச் சிரமம். தகப்பனும் பாட்டியும் செய்யலாம். சட்டையைக் கழற்றக் கூச்சப்பட்ட ஒரு லாரி ஓட்டுநர், முதல் நாள் பத்து நிமிடம் என்று உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் அசையாமல் இருந்தார். மறுநாள் அவரே எங்களுக்கு முன்னால் வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சிபேப்பில் இருந்தாலும் நிலை சீராக உள்ள குழந்தையை இப்படி வைக்கலாம். எப்போது தொடங்கலாம் என்று நீங்களே கேளுங்கள், அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தினமும் ரத்தம் எடுத்தா அதுக்கு ரத்தமே இருக்காதே?

நியாயமான கவலை. ஒரு கிலோ குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே 80 முதல் 90 மில்லிதான். அதனால் ஒரு முறை எடுப்பது அரை மில்லி, ஒரு மில்லி என்ற அளவில்தான் இருக்கும். இருந்தும் மிகச் சிறிய குழந்தைகளுக்குச் சில வாரங்களில் ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். எந்தச் சோதனை, அதன் முடிவால் சிகிச்சையில் என்ன மாறும் என்று கேட்கலாம்.

எவ்வளவு செலவாகும்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

அரசு மருத்துவமனையில் கட்டணம் கிடையாது. 2011 ஜூன் 1 அன்று தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, சோதனை, ரத்தம், வண்டி வசதி ஆகியவை இலவசம். பிறகு இது ஒரு வயது வரை நீட்டிக்கப்பட்டது. தனியார் மருத்துவமனையில் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். நகையை அடகு வைத்து, பத்தாம் நாளில் பணம் தீர்ந்து, நிலை மோசமான பிறகு மாற்றப்படும் குழந்தைகளை நிறையப் பார்த்துவிட்டேன். மாற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே, படுக்கை இருப்பதை உறுதி செய்து, 108இன் பச்சிளங்குழந்தை ஆம்புலன்சில் மாற்றுங்கள்.

பதினாறாம் நாள் பேர் வைக்கணும், தீட்டுக் கழிக்கணும். கொஞ்சம் சர்க்கரைத் தண்ணியாவது தொட்டு வெக்கலாமா?

சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், வசம்பு எதுவும் வாயில் படக் கூடாது. மேலே சொன்ன குடல் நோய்க்கும் தொற்றுக்கும் அவை வழி. கறுப்புக் கயிற்றையும் திருநீற்றுப் பொட்டலத்தையும் படுக்கையில் வைக்காமல் வீட்டில் வைத்திருங்கள். பெயரைத் தாய் குழந்தையின் காதில் சொல்லலாம். அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது, நாங்களும் அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுவோம். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பெயரை ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். தீட்டு என்று தகப்பனையும் தாயையும் குழந்தையிடமிருந்து விலக்கி வைத்தால், கங்காரு முறை பற்றிச் சொன்ன அத்தனை பலனும் குழந்தைக்கு இல்லாமல் போகும்.

கிரகணத்தன்னைக்கு வெளிய வந்ததாலதான் இப்படி ஆச்சாம். என் தப்பா சிஸ்டர்?

இல்லை. ரத்தக் கொதிப்பு, தொற்று, இரட்டைக் கரு, பனிக்குடம் முன்கூட்டியே உடைவது போன்றவை குறைமாதப் பிறப்புக்குக் காரணமாகின்றன; காரணமே தெரியாமல் நிகழ்வதும் மிகுதி. கிரகணமும் பப்பாளியும் தண்ணீர்க் குடமும் அந்தப் பட்டியலில் இல்லை. தாயின் முன்னால் இப்படிப் பேசும் உறவினரைத் தகப்பன்தான் நிறுத்த வேண்டும். அந்த வேலையை வேறு யாராலும் செய்ய முடியாது.

முதல் இரண்டு வாரம் காரணமின்றி அழுகை வருவது இயல்பு. அதற்கு மேலும் தூக்கமின்மை, குழந்தையைப் பார்க்கவே மனமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் நீடித்தால் அது நோய், சிகிச்சை உண்டு. வார்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், அல்லது 104, 14416 ஆகிய இலவச எண்களில் பேசுங்கள்.

எப்பதான் வீட்டுக்கு அனுப்புவீங்க?

வெளிச்சூடு இல்லாமல் உடல் வெப்பம் நிற்பது, பாலாடையிலோ மார்பிலோ முழுப் பாலும் குடிப்பது, தொடர்ந்து சில நாள் எடை ஏறுவது, மூச்சு மறதி ஒரு வாரமளவுக்கு இல்லாதிருப்பது ஆகியவை நிறைவேற வேண்டும். எடை வரம்பு மருத்துவமனைக்கு ஏற்ப மாறும். இத்தனையும் குழந்தை செய்தாலும், தாய் தனியாகப் பார்த்துக்கொள்ளும் தைரியம் பெற்றாளா என்றும் நான் பார்ப்பேன்.

வீட்டிலும் கங்காரு முறையைத் தொடருங்கள். சாம்பிராணிப் புகை, மூக்கில் எண்ணெய் விடுவது, பார்க்க வருவோர் கைமாற்றித் தூக்குவது ஆகியவை வேண்டாம். பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு குழிவிழுதல், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாதல், வலிப்பு, எழுப்பினாலும் எழாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள்.

நல்லாத்தானே பார்க்குது, அப்புறம் எதுக்கு கண் டெஸ்ட்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 34 வாரத்துக்கு முன் அல்லது 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்து, நிரந்தரமாகப் பார்வையைப் பறிக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைச் சோதித்து, தேவைப்பட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்தால் பார்வையைக் காக்க முடியும். மிகச் சிறிய குழந்தைகளுக்கு இச்சோதனை 20 நாளிலேயே தொடங்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், பல குழந்தைகள் அந்த நாளுக்கு முன்பே வீடு திரும்பிவிடுகின்றன. சோதனைத் தேதி சீட்டின் மூலையில் எழுதப்பட்டு மறக்கப்படுகிறது. மூன்றாம் மாதத்தில் வந்து, குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று சொன்ன ஒரு தாயின் கையில் அந்தச் சீட்டு மடிக்கப்பட்டபடியே இருந்ததை என்னால் மறக்க முடியவில்லை. தேதியை நோட்டின் அட்டையில் எழுதுங்கள். மழையோ திருவிழாவோ தள்ளிப்போடாதீர்கள். ஒரு முறை பார்த்து ‘அடுத்த வாரம் வாருங்கள்’ என்றால் அப்போதும் போங்கள். செவித்திறன் சோதனையையும் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

மூணு மாசம் ஆச்சு, இன்னும் தலை நிக்கலையே?

எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு மூன்று மாதம் என்றால், வளர்ச்சியைப் பொறுத்தவரை ஒரு மாதக் குழந்தைதான். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே கணக்கிட வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது. பிறந்த தேதியே கணக்கு. கழித்துப் பார்த்தும் பின்தங்கியிருந்தால், மாவட்ட ஆரம்பக்கட்ட இடையீட்டு மையத்தில் இலவசப் பயிற்சி கிடைக்கும். ‘எங்கள் குடும்பத்தில் எல்லாரும் தாமதம்தான்’ என்று காத்திருக்க வேண்டாம்.

நாங்க எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிடறோமே?

பெரும்பாலும் இதற்குப் பின்னால் பணமோ, வீட்டில் விட்டுவந்த மூத்த குழந்தையோ, யாரும் விளக்கிச் சொல்லாத கோபமோ இருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தக் காரணத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். பணம் என்றால் மேலே சொன்ன வழிகள் உண்டு. வீட்டுக் கவலை என்றால் தாய்க்கு மாற்றாகப் பாட்டி நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். சிகிச்சையில் நம்பிக்கை இல்லை என்றால், வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கோப்பின் நகலையும் கேட்டுப் பெறலாம். மூச்சு உதவியில் இருக்கும் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுபோனால் வழியிலேயே இழக்க நேரும்.

இனி பிழைக்காதுன்னு சொல்லிட்டாங்க. அவளுக்குக் காட்டலாமா, வேண்டாமா?

இந்த நிலையில் இல்லாதவர்கள் இதைப் படிக்க வேண்டாம். அதற்காகவே கடைசியில் வைத்தேன். காட்டுங்கள். தாயைத் தாங்கமாட்டாள் என்று எண்ணி, அவள் மயக்கத்திலிருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பார்க்க விடாமல் தடுக்கப்பட்ட தாய்மார் பல ஆண்டு கழித்தும் என்னிடம் வந்து, ‘முகம் எப்படி இருந்தது?’ என்று கேட்டிருக்கிறார்கள். பார்க்கவா, கையில் வாங்கவா, பெயர் சொல்லிக் கூப்பிடவா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நெஞ்சில் வைத்துக்கொண்டே கடைசி மூச்சு வரை இருக்க முடியுமா என்று கேட்டால் பெரும்பாலான பிரிவுகளில் அனுமதிப்பார்கள். வலி தெரியாமல் இருக்க மருந்தும் கொடுப்பார்கள்.

அதன் பிறகும் பால் சுரக்கும். இதை யாரும் அவளிடம் முன்கூட்டிச் சொல்வதில்லை. மார்பை இறுக்கிக் கட்ட வேண்டாம். கனம் தாளாதபோது வலி குறையும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி, குளிர்ந்த துணி ஒத்தடம் கொடுத்தால் சில நாட்களில் படிப்படியாக வற்றிவிடும். காய்ச்சலோ, சிவந்து கட்டியோ வந்தால் காட்டுங்கள். அந்த நாட்களில் அவளைத் தனியறையில் விடாமல், அவள் அம்மாவோ அக்காவோ பக்கத்திலேயே படுத்துக்கொள்ளட்டும்.